பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னவர்

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. எலும்பு முறிவுப் பிரிவின் காத்திருப்பறையில், பக்கத்து நாற்காலிக்காரர் வாயிலிருந்து கிடைத்தது. மாடிப்படியில் கால் பிசகி, கணுக்கால் வீங்கி நான் போயிருந்தேன். அவர் முழங்கையெல்லாம் சிராய்ந்து, சட்டை முழுக்க சிமென்ட் தூசியோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் வயது. எக்ஸ்ரே அறையின் கதவு திறக்கும்போதெல்லாம் பாதி எழுந்தார். வேறு யாரோ வெளியே வந்ததும் மறுபடி உட்கார்ந்தார்.

"உங்களுக்கு எக்ஸ்ரே எடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க, வெறும் சிராய்ப்புதான். உள்ள இருக்கிறது ஒரு பொண்ணு. என் மக வயசு. நான்தான் கொண்டுபோய் இடிச்சேன்."

"கார்லயா?"

"சைக்கிள்ல."

நான் சிரித்துவிட்டேன். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டேன், ஆனால் அவர் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. "சிரிங்க. சிரிக்கிற விஷயம்தான். என்ன வேலை பாக்குறீங்க?" என்றார்.

"கதை எழுதுறேன்."

"அப்போ இதை எழுதுங்களேன்." மறுபடி அந்தக் கதவைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. என்னைக் கடைசியில நல்லவனாக் காட்டிடாதீங்க. அது ரொம்பச் சுலபம்."

சரி என்றேன். அந்த வாக்கை எத்தனை முறை மீறப் பார்த்தேன் என்பது இந்தப் பக்கங்களிலேயே தெரியும். அடித்த வரிகளை நான் மறைக்கப் போவதில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

'அந்தக் காலத்தில் அவன் சைக்கிளில் பாய்ந்தால் காற்றே வழிவிடும்—'

காற்று யாருக்கும் வழிவிடாது. அடித்துவிட்டேன். அடுத்தது:

'மகளின் கனவுக்காகத் தன்னையே உருக்கிய ஒரு தந்தை—'

'தந்தை' என்று எழுதியதுமே அவர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதையும் அடித்தேன்.

மூன்றாவது தொடக்கம் இது: அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள அடுக்குமாடிக் கட்டடங்களிலெல்லாம் மோட்டார் அறைக்கு ஏறி, கம்பிவடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் சரியாகக் கவ்வுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அதாவது, அடுத்தவர்கள் உயிரோடு கீழே இறங்க வேண்டும் என்பதற்காக நாள் முழுக்க பிரேக் பார்க்கிறவர். இது நிற்கட்டும். இதில் பொய் இல்லை, அலங்காரமும் இல்லை.

சிறுவயதில் அவருக்குத் தவளை என்று பட்டப்பெயர். நானும் அப்படியே அழைக்கிறேன்.

(அடைப்புக்குறிக்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் தாவுவார் என்பதால் வந்த பெயர் என்றுதான் மகளிடம் சொல்லிவைத்திருந்தார். என்னிடமும் முதலில் அப்படித்தான் சொன்னார். அரை மணி நேரம் கழித்து, நான் கேட்காமலே திருத்தினார். சாக்கடைப் பள்ளத்தைத் தாண்டப் போய், சைக்கிளோடு அதற்குள்ளேயே விழுந்திருக்கிறார். கூட்டாளிகள் யாரும் கை கொடுத்துத் தூக்கவில்லை. கரையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து தவளை.)

3

பி.எம்.எக்ஸ். சைக்கிள் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: சின்னச் சக்கரம், தாழ்ந்த இருக்கை, அகலமான கைப்பிடி. போய்ச் சேருவதற்கான சைக்கிள் இல்லை அது. தாவவும் சுழலவும் விழவும் ஆனது. இதற்கு மேல் எனக்கும் அன்றுவரை தெரியாது.

தவளையின் காலத்து சைக்கிள் கனத்த இரும்பு. மூடிக்கிடந்த கிடங்கு ஒன்றின் பின்புறம்தான் அவர்களுடைய களம். செங்கல்லை அடுக்கி, மேலே பலகையைச் சாய்த்தால் அதுதான் ராம்ப். காவலாளி விசிலடித்தால் ஆளுக்கொரு திசையில் ஓட்டம். ஹெல்மெட் போட்டவன் கோழை. விழுந்தவனைப் பார்த்துச் சிரிப்பது கடமை. பெண்கள் வந்தால் வேடிக்கை பார்க்கலாம். தவளையின் தங்கை ஒருநாள் ஒரே ஒரு சுற்று கேட்டாள். 'போய் தண்ணி எடுத்துட்டு வா' என்று அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த தலைமுறை பூங்காப் படிக்கட்டுகளிலும் கைப்பிடிக் கம்பிகளிலும் சறுக்கியது. அவர்கள்தான் பிரேக்கைக் கழற்றி எறிந்தவர்கள். அந்தரத்தில் கைப்பிடியை ஒரு முழுச் சுற்றுச் சுழற்றும்போது பிரேக் கம்பி சுற்றிக்கொள்கிறது, அதனால் வேண்டாம் என்றார்கள். நிறுத்த வேண்டுமா? காலணியின் அடிப்பாகத்தைப் பின்சக்கரத்தில் வைத்து அழுத்து, அவ்வளவுதான்.

இப்போதிருப்பது மகளின் தலைமுறை. நகராட்சியே கான்கிரீட்டில் சரிவுகளும் மேடுகளும் கட்டிக்கொடுத்திருக்கிறது. விழுந்து பழகப் பஞ்சுக்குழி இருக்கிறது. கோச் இருக்கிறார், போட்டி இருக்கிறது, பிராந்திய அணி இருக்கிறது. ஒருத்தி கடினமான ஒரு தாவலைச் சரியாகச் செய்து இறங்கினால், அவளுக்கு எதிராகப் போட்டியிடுபவள்தான் முதலில் கூச்சலிட்டுக் கைதட்டுகிறாள்.

இதுதான் தவளைக்குப் பிடிபடவே இல்லை.

"எதிராளிக்குக் கை தட்டுறீங்களே, உங்களுக்கெல்லாம் ரோஷம்னு ஒண்ணு இல்லையா?" என்று வீட்டில் கேட்டிருக்கிறார்.

"அவ நல்லா பண்ணா தட்டுறேன். இதுல என்னப்பா ரோஷம்?"

"நாங்க பஞ்சுல விழல. சிமென்ட்ல விழுந்தோம்."

"தெரியும்ப்பா. நூறு தடவை சொல்லிட்டீங்க."

மகளுக்குப் பதினேழு வயது. பிராந்திய அணிக்கு இரண்டு பெண்களை எடுக்கவிருந்தார்கள். ஞாயிறு காலை இறுதிச் சுற்று. தேர்வாகப்போகிற இருவர் யார் என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. ஒருத்தி இவள். இன்னொருத்தி எப்போதும் பச்சை ஹெல்மெட் போட்டுக்கொண்டு வரும் பெண். இருவரும் சேர்ந்துதான் பழகுவார்கள். ஒருத்தியின் டயர் வெடித்தால் மற்றவள் தன்னுடையதைக் கழற்றிக்கொடுப்பாள்.

4

சனிக்கிழமை முற்பகல், கடைசிப் பயிற்சி.

தவளை கம்பித் தடுப்பில் சாய்ந்து நின்று பக்கத்தில் இருந்த பெற்றோர்களிடம் அளந்துகொண்டிருந்தார். அந்த நடு மேட்டையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தாண்டியிருப்போம், இதற்குப் போய் முழங்காலுக்குக் கவசம், முழங்கைக்குக் கவசம், பல்லுக்குக்கூடக் கவசம் என்றார். ஒரு குழந்தையின் அப்பா, வம்புக்கு இல்லாமல் மரியாதையாகவே, "இப்பவும் ஓட்டுவீங்களா சார்?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விதான்.

(இந்த இடத்தில் என் இரண்டாம் பிரதியில், பழைய நினைவுகள் அலையலையாக எழுந்து அவரை ஆட்கொண்டதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். பழைய நினைவு அலையாக வந்ததா என்று காத்திருப்பறையிலேயே நான் கேட்டதற்கு, 'அலையெல்லாம் இல்ல மேடம், பந்தா' என்று அவர் சொன்னது ஞாபகம் வந்ததும் கிழித்தேன்.)

மகள் சைக்கிளைச் சரிவின் மேலே சாய்த்துவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். குழாய் மைதானத்தின் அந்தக் கோடியில். தவளை தடுப்பைத் தாண்டி உள்ளே போனார், ஹெல்மெட் இல்லாமல், வேலைக்குப் போடும் காலணியோடு. சைக்கிளை எடுத்தபோது அது இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டாராம். அவ்வளவுதான் யோசித்திருக்கிறார். தூரத்திலிருந்து மகள் "அப்பா, வேணாம்!" என்று கத்தியது காதில் விழுந்தது. அதற்குள் முன்சக்கரம் சரிவில் இறங்கிவிட்டது.

பாதிச் சரிவில் பயந்துவிட்டார். இரண்டு கைகளின் விரல்களும் தாமாகவே மடங்கிப் பிரேக்கைப் பிடித்தன.

பிடிக்க ஒன்றும் இல்லை. விரல்கள் வெறும் காற்றை அமுக்கின. அவருக்கு அப்போதும் புரியவில்லை. இன்னும் பலமாக அமுக்கினார். நடு மேடு வந்தது, சைக்கிள் அவரையும் தூக்கிக்கொண்டு எழும்பியது, கோணலாக இறங்கியது. இறங்கிய இடத்துக்கு நேரே, கீழ் மூலையில், பச்சை ஹெல்மெட் குனிந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்து, தடுக்கக் கையை நீட்டினாள். கைப்பிடியின் முனை அவள் மணிக்கட்டில் இடித்தது.

அந்தச் சத்தத்தை அவர் எனக்குச் சொல்லிக்காட்டினார். நான் எழுத மாட்டேன்.

5

யாரும் சிரிக்கவில்லை.

மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த அத்தனை சைக்கிள்களும் ஒரே நேரத்தில் தரையில் கிடந்தன. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒருத்தி தன் மேல்சட்டையை மடித்து அடிபட்ட கைக்கு அடியில் கொடுத்தாள். இன்னொருவன் வெயில் படாமல் நிழலாக நின்றான். "பேசிட்டே இரு, என்னைப் பாரு, மூச்சு விடு" என்று ஒரு சின்னப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். எல்லாம் சொல்லிக்கொடுக்கப்பட்ட ஒழுங்கில் நடந்தது.

பிறகு அவர்களில் இரண்டு பேர் தவளையிடமும் வந்தார்கள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

"அங்கிள், தலையில பட்டுச்சா? இது எத்தனை விரல்?"

"மூணு."

"எழுந்திரிக்காதீங்க. மெதுவா."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றார் என்னிடம். "நாலு வார்த்தை கேட்டிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன் மேடம். விரலைக் காட்டி எத்தனைன்னு கேட்டா என்ன பண்றது?"

கோச் ஓடி வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. மைதானத்துக்கும் போட்டிக்கும் அவரே பொறுப்பு. பச்சை ஹெல்மெட்டின் கையைப் பார்த்தார், ஆம்புலன்ஸுக்குச் சொன்னார், பிறகு திரும்பினார்.

"என்ன ஆச்சு சார்?"

தவளை வாயைத் திறந்தார். வந்தது இதுதான்:

"பிரேக் பிடிக்கல."

கோச் குனிந்து சைக்கிளின் கைப்பிடியைப் பார்த்தார். பிரேக்கும் இல்லை, கம்பியும் இல்லை, வெறும் ரப்பர் பிடி. சுற்றி நின்ற பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். ஊருக்கெல்லாம் பிரேக் பார்க்கிறவர், இல்லாத பிரேக்கின் மேல் பழியைப் போட்டுவிட்டு நடுமைதானத்தில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இவர் கையில இது எப்படிப் போச்சு? யாரு குடுத்தது?"

மகள் அதற்குள் ஓடி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. அப்பாவைப் பார்க்கவில்லை.

"நான்தான் கோச் குடுத்தேன்."

விதி எல்லோருக்கும் தெரியும். பதிவு செய்யாத ஆளுக்குச் சைக்கிளைக் கொடுத்தால், கொடுத்தவர் போட்டியில் இல்லை. கோச் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "அப்போ நாளைக்கு உன் பேரை எடுக்கணும். தெரியும்ல?"

"தெரியும்."

அவளே சொன்னபிறகு, பார்த்தவர்கள் யாரும் குறுக்கே வரவில்லை. தவளையும் பேசவில்லை.

(நான் அவரைக் கேட்டேன்: அதிர்ச்சியில் நாக்கு எழவில்லையா? அப்படி எழுதினால் வாசகர்கள் ஒத்துக்கொள்வார்கள். அவர் தலையாட்டி மறுத்தார். நாக்கு நன்றாக எழுந்ததாம். 'எடுத்தது நான்' என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து தயாராக நின்றதாம். கோச் அவரைவிட வயதில் சின்னவர், பெண், சுற்றிலும் பிள்ளைகள், தடுப்பில் அந்த அப்பா. அதனால் விழுங்கிவிட்டார்.)

6

கதை மறுபடி காத்திருப்பறைக்கு வருகிறது. கதவு திறந்து ஒரு பெண்மணி வெளியே வந்தார். பச்சை ஹெல்மெட்டின் அம்மா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார், சீருடைச் சட்டையின் தோளில் பட்டை இருந்தது. தவளை எழுந்து நின்றார்.

"ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு. கட்டு போடுறாங்க. ரெண்டு மாசம் சைக்கிளைத் தொடக்கூடாதாம்" என்றார் அந்த அம்மா.

"என்னை மன்னிச்சிடுங்க."

"பிரேக் பிடிக்கலன்னு சொன்னீங்களாமே?"

தவளை சிராய்ந்த முழங்கையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"தினமும் காலையில சாவியைப் போடுறதுக்கு முன்னாடி நான் பிரேக்கை மிதிச்சுப் பாப்பேன். பின்னாடி நாப்பது பிள்ளைங்க உக்காந்திருக்கும். நீங்க கைப்பிடியைக்கூடப் பாக்கல." குரல் உயரவே இல்லை. "அவ உங்க பொண்ணோடதான் அணிக்குப் போகணும்னு சொல்லிட்டே இருந்தா."

அந்த அம்மா மருந்துக்கடைப் பக்கம் நடந்ததும் தவளை தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே மீதியைச் சொன்னார். அதுவரை சொல்லாததை.

ஆம்புலன்ஸ் கிளம்பியபின் ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்திருக்கிறான். பயிற்சியைத் தன் ஃபோனில் எடுத்துக்கொண்டிருந்தவன். "அங்கிள், நீங்க விழுந்தது வீடியோல வந்திருச்சு. எடுத்தது நான்னாலும் விழுந்தது நீங்க. அழிக்கவா, வச்சுக்கவா?" என்று கேட்டான். அவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கமாம். விழுந்தவர் சம்மதிக்காமல் யாரும் யாருக்கும் காட்டுவதில்லை. தவளையின் காலத்தில் ஒருவன் விழுந்தால் பத்து வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

வீடியோவில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தனியாகக் கிடந்த சைக்கிளை அவர் எடுப்பது இருக்கும். 'அப்பா, வேணாம்' என்று தூரத்திலிருந்து வரும் குரல் இருக்கும். மகள் கொடுக்கவில்லை என்பதற்கு யாரும் மறுக்க முடியாத சாட்சி.

"அழிச்சிடுப்பான்னு சொன்னேன். அவன் என் கண்ணு முன்னாடியே அழிச்சான். 'கவலைப்படாதீங்க அங்கிள்'னு வேற சொன்னான்." உள்ளங்கையால் முகத்தைத் தேய்த்தார். "இதையும் எழுதணும் மேடம். இதை விட்டுட்டா நீங்க எழுதறது வேற யாரோட கதையோ."

எழுதியாயிற்று.

7

நான் விரும்பிய காட்சி இது: மகள் வருகிறாள், அப்பா கண்கலங்க உண்மையைச் சொல்கிறார், 'உங்களுக்காகத்தாம்ப்பா அப்படிச் சொன்னேன்' என்று அவள் தோளில் சாய்கிறாள். இதை எழுதியபோது எனக்கே தொண்டை அடைத்தது. தொண்டை அடைத்ததாலேயே சந்தேகம் வந்தது. நடந்தது வேறு. நான் அங்கேதான் இருந்தேன்.

மகள் வந்தாள். ஒரு கையில் தோழியின் பை, இன்னொரு கையில் அந்தப் பச்சை ஹெல்மெட். அப்பாவுக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்ன? என்னைக் காப்பாத்தவா?"

அவள் ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்துகொண்டே பேசினாள். "இல்லப்பா."

"பின்ன?"

"எங்கப்பா கேக்காம எடுத்துட்டுப் போயிட்டாருன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லணும். நான் குடுத்தேன்னு சொன்னா, தப்பு பண்ண ஆளு நானாயிடுவேன். அது பரவால்லன்னு தோணுச்சு. மத்தது ரொம்ப அசிங்கமா இருந்துச்சுப்பா."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். பேருந்து எத்தனை மணிக்கு என்பதுபோலச் சொன்னாள். தவளை குறுகிப்போனார். மனிதர் குறுகுவதை 'குறுகினார்' என்று நான் எத்தனையோ கதைகளில் எழுதியிருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன். தோள் உள்ளே போனது, கழுத்து உள்ளே போனது, கைகள் தொடைகளுக்கு நடுவே போய் ஒளிந்துகொண்டன.

என் கணுக்காலுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது இரண்டு நாற்காலிகளும் காலி.

8

கதையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் ஞாயிறு காலை, கட்டுப்போட்ட காலோடு ஆட்டோ பிடித்து மைதானத்துக்குப் போனேன். அக்கறையால் போனேன் என்று சொல்ல ஆசை. முடிவு தெரிய வேண்டும் என்ற அரிப்புதான்.

தவளை ஏற்கெனவே வந்திருந்தார். கோச் போட்டியாளர்களை வரிசையில் நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு முடியும்வரை தடுப்புக்கு வெளியே காத்திருந்து, உள்ளே வரலாமா என்று கேட்டு, அனுமதி கிடைத்ததும் போனார். தனியாகப் பேசலாம் என்று கோச் கையைக் காட்டியும் அவர் நகரவில்லை.

"என் பொண்ணு சைக்கிளைக் குடுக்கல. நான் கேக்காம எடுத்தேன். வேணாம்னு கத்தினா, நான் கேக்கல. பிரேக் பிடிக்கலன்னு சொன்னது பொய். அவ பழியை ஏத்துக்கிட்டப்போ நான் வாயை மூடிட்டு இருந்தேன்."

"நேத்தே சொல்லியிருக்கலாமே சார். வீடியோ ஏதாவது இருக்கா?"

"இருந்துச்சு. அழிக்கச் சொன்னதும் நான்தான்."

வரிசையில் நின்ற பையன் ஒருவன், வீடியோ எடுத்தவன், தலையைக் குனிந்துகொண்டான். கோச் அவனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தவளையிடம் திரும்பினார். "இனிமே நீங்க இந்தத் தடுப்புக்கு உள்ள வரக்கூடாது. எப்பவும்" என்றார். தவளை தலையாட்டினார். வெளியே வந்து, முன்தினம் அளந்துகொண்டு நின்ற அதே பெற்றோர்களைக் கடந்து, வெயிலில் தனியாக நின்றார். யாரும் அவரிடம் பேசவில்லை. உண்மையைச் சொன்னதும் பாரம் இறங்கும் என்பார்கள். அவருக்கு இறங்கியதாகத் தெரியவில்லை. நேற்று ஒருசிலருக்கு மட்டும் தெரிந்திருந்த அசிங்கம் இன்று ஊருக்கே தெரிந்தது, அவ்வளவுதான் மாற்றம்.

கோச் மகளைக் கூப்பிட்டார். "உன் பேரைத் திரும்பச் சேர்த்துட்டேன். ஓட்டுறதும் ஓட்டாததும் உன் இஷ்டம்."

பச்சை ஹெல்மெட் மாவுக்கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. மகள் அவர்களிடம் போனாள். மூன்று பேரும் ஏதோ பேசினார்கள். எனக்குக் கேட்கவில்லை.

9

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியும். முழுக்கப் பார்த்தேன்.

இரண்டு முடிவுகளை எழுதியும் வைத்திருந்தேன். ஒன்றில் அவள் ஓட்டுகிறாள், தடுப்புக்கு வெளியே அப்பா அழுகிறார். இன்னொன்றில் தோழிக்காக விட்டுக்கொடுத்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறாள், அப்பா அதற்கும் அழுகிறார். இவற்றில் ஒன்று நடந்ததற்கு ரொம்பப் பக்கம்.

எல்லாம் முடிந்தபின் அவளிடம் போய், இன்னார் என்று சொல்லி, அப்பா தன் கதையை எழுதச் சொன்னார் என்றேன்.

"எழுதுங்க ஆன்ட்டி. அவர் பண்ணதையெல்லாம் எழுதுங்க. அவர் கதை, அவர் குடுக்கலாம்."

"நீ இன்னைக்குப் பண்ணது?"

வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அதை எழுதாதீங்க. அதைப் போட்டா எல்லாரும் அவரைத்தான் நினைப்பாங்க. பாவம்னு நினைப்பாங்க, இல்லன்னா திருந்திட்டாருன்னு நினைப்பாங்க. நான் பண்ணது அதுக்காக இல்ல ஆன்ட்டி."

"அப்போ கதை எப்படி முடியும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். கூப்பிட்ட தோழியைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனாள்.

எழுதி வைத்திருந்த இரண்டு முடிவுகளையும் எடுத்துவிட்டேன். இந்த இடத்தில் அவற்றில் ஒன்று இருக்க வேண்டியது. உங்களுக்குக் குறையாகத் தெரிந்தால், எனக்கும் அப்படித்தான். அவள் வேண்டாம் என்று சொன்னாள், எனக்குக் கேட்டது.